பவர் இல்லாத கண்ணாடி

சனிக்கிழமைச் சந்தையில்
நான்கு யூரோவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கினேன்.
தூரமா, கிட்டவா? கடைக்காரன் கேட்டான்.
எதுவும் வேண்டாம், வெறும் சில்லு போதும் என்றேன்.
மீதிச் சில்லறையை எண்ணும்போது
என்னை இருமுறை பார்த்தான்.

என் கண்ணில் கோளாறில்லை.
கிளைபேடாவிலிருந்து காயலைக் கடக்கும் படகில்
வண்டிகளை வரிசைப்படுத்தி ஏற்றுகிறவன் நான்.
அக்கரைக்குப் பத்தே நிமிடம்.
பத்து நிமிடத்தில் எத்தனை பேரோடு
சண்டை போட முடியுமென்று கேளுங்கள்,
கணக்கு வைத்திருக்கிறேன்.
ஒருவனின் பம்பரை உதைத்ததில்
அரை மாதச் சம்பளம் போனது.
வீட்டில் என் காலடி கேட்டதும்
யோகூபஸ் டிவியின் சத்தத்தைக் குறைப்பான்.
ஏழு வயது. யாரும் சொல்லித்தரவில்லை.

டிக்கெட் கூண்டில் ரமுத்தே.
யாராவது கத்தினால் கண்ணாடியைக் கழற்றுவாள்,
ஊதுவாள், இடது சில்லு முதலில்,
கம்பளிச் சட்டையின் ஓரத்தால் துடைப்பாள்,
மாட்டிக்கொள்வாள்,
பிறகுதான் "சொல்லுங்கள்" என்பாள்.
அதற்குள் கத்தியவன் பாதி ஆளாகியிருப்பான்.

பொறுமை எங்கே விற்கிறதென்று எனக்குத் தெரியாது.
கண்ணாடி விற்கும் இடம் தெரியும்.

ஈயடிச்சான் காப்பிதான்.
ஊதலின் நீளம், இடது முதலில், எல்லாம் அப்படியே.
குளியலறையைத் தாழிட்டுப் பழகினேன்.
இஞ்சின் அறைக்காரன் "புரொஃபசர்" என்றான்;
மாலைக்குள் படகு முழுக்க அதுவே என் பெயர்.
மூன்றாம் நாளே
ஒரு சாம்பல்நிற வேனின் மேல் வீசி உடைத்தேன்.
அடுத்த சனிக்கிழமை, இன்னொரு நான்கு யூரோ.
கடைக்காரன் இம்முறை எதுவும் கேட்கவில்லை.

நவம்பர். மழை பக்கவாட்டில் அடித்தது.
எவனோ ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்கிப் போய்விட,
கார் அரையடி உருண்டு
என் முழங்காலைத் தொட்டு நின்றது.
அவன் திரும்பி வந்து என்மேலேயே பாய்ந்தான்.
தொண்டைக்குழி வரை வந்துவிட்டது அந்த வார்த்தை.
கை கழற்றியது. வாய் ஊதியது.
துடைக்கத் துடைக்க மழை நனைத்தது,
நனைய நனையத் துடைத்தேன்,
வழக்கத்தைவிட நேரம் பிடித்தது.
மாட்டிக்கொண்டு பார்த்தபோது எதிரில்
பொத்தான்களை ஒன்று மாற்றிப் போட்ட ஒரு மனிதன்,
காதோரம் சவர நுரை.
"சொல்லுங்கள்" என்றேன்.
அவனிடம் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

அது நானில்லை, நடிப்பு.
புலியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட பூனை.
எரிச்சல் அடங்கியபின் தடவிப் பார்த்தேன்:
வரி இருந்தது.

ஓர் இரவு பீட்ரூட் சூப் கவிழ்ந்தது,
தவணை முடியாத தரைவிரிப்பின் மேல்.
கண்ணாடி படகிலேயே கிடந்தது.
கை அதுபாட்டுக்கு எழுந்து
இல்லாததைக் கழற்றி, இல்லாததை ஊதி,
சட்டை ஓரத்தால் காற்றைத் துடைத்தது.
யோகூபஸ் நாற்காலிக்குப் பின்னாலிருந்து பார்த்தான்,
பார்த்துக்கொண்டே இருந்தான்,
பிறகு வாய்பொத்திச் சிரித்துவிட்டான்.
விரிப்பில் சிவப்பு இன்னும் போகவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம்
ரமுத்தேயிடம் ஒப்புக்கொண்டேன்,
உங்கள் பொறுமையைத் திருடிக்கொண்டேன் என்று.
"பொறுமையா? எனக்கா?
இடது காது கேட்காது, எய்மன்தாஸ்.
கத்தினால் எல்லாம் கலங்கிப்போகும்.
துடைக்கிற நேரத்தில்
என்னதான் சொன்னானென்று
துண்டு துண்டாய் ஒட்டிப் பார்க்கிறேன்."
சொன்ன கையோடு
காசை விழுங்கிய காபி எந்திரத்துக்கு ஒரு குத்து,
முப்பது வருடத் துறைமுகத்தில்
நானே கேட்டிராத ஒரு வசவு.

பிறகு என் பக்கம் திரும்பி,
"எங்கே, நான் செய்கிறமாதிரி செய்து காட்டு."
காட்டினேன்.
கைகட்டிப் பார்த்தாள்.
"இன்னொரு தடவை. மெதுவாக."

எந்திரம் காபி தராமல் உறுமிக்கொண்டிருந்தது.
அவள் தன் கண்ணாடியைக் கழற்றினாள்.
எதை முதலில் என்று
என்னைப் பார்த்தாள்.